ரோயிங் மெஷினில் வாட் ஏன் குதிக்கிறது? எவ்வளவு குதித்தால் பரவாயில்லை?

கேள்வி இதுதான். வேலூர் சத்துவாச்சாரி பக்கம் நாலு பையன்களை, துடுப்புப் போடுவதுபோல் இழுக்கும் ரோயிங் மெஷினில் பழக்கிவரும் ஒரு பி.டி. மாஸ்டர் கேட்கிறார்: "2000 மீட்டர் டெஸ்ட்டில் பையன்கள் ஏழு நிமிஷத்தை ஒட்டி வருகிறார்கள். ஆனால் மானிட்டரில் இழுப்பின் சக்தியைக் காட்டும் வாட் ஒவ்வொரு இழுப்புக்கும் இருபது, இருபத்தைந்து என்று ஏறி இறங்குகிறது. பெரிய போட்டிகளில் ஓட்டுகிறவர்களுக்கு எண் அசையாமல் நிற்கிறது. மெஷினில் கோளாறா, பையன்களிடமா? போன மாதம் 7:00 எடுத்தவன் இந்த மாதம் 6:58 எடுத்தால் முன்னேறிவிட்டான் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

சார், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 6:58 என்ற ஒரு எண்ணை மட்டும் வைத்து முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. கணக்கைக் கீழே தருகிறேன். வாட் குதிப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும், அதாவது ஒவ்வொரு இழுப்பும், ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. மெஷினைச் சந்தேகிப்பதற்கு முன்னால், பையனுக்குத் தெம்பு போதவில்லை என்று முடிவு கட்டுவதற்கும் முன்னால், அதைத்தான் பார்க்க வேண்டும்.

மானிட்டர் காட்டும் எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கான்செப்ட்2 கம்பெனியின் மெஷினில் 500 மீட்டர் நேரத்தைத் தெரிந்துகொண்டால் வாட்டைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். ஒரு மீட்டருக்கு எத்தனை விநாடி ஆகிறதோ, அதன் கனத்தால் (அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வருவது) 2.80ஐ வகுத்தால் வாட் வந்துவிடும். 7:00 ஓட்டுகிற பையனின் 500 மீட்டர் சராசரி 1:45. 105 விநாடியை 500ஆல் வகுத்தால் 0.21. அதன் கனம் 0.009261. ஆக அவன் சராசரியாக 302 வாட் கொடுத்திருக்கிறான். 6:00 ஓட்டுகிறவர் 480 வாட். ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டன்க்ளி-ஸ்மித் 2018ல் 5:35.8 ஓட்டினாரே, அது 590 வாட்டுக்குக் கொஞ்சம் மேல்.

கனம் என்பதால் நேரத்தில் ஒரு சதவீதம் மாறினால் வாட்டில் ஏறக்குறைய மூன்று சதவீதம் மாறும். 2:00 வேகத்தில் போகும்போது ஒரு விநாடி வித்தியாசம் ஐந்து வாட். அதே ஒரு விநாடி 1:30 வேகத்தில் பதினாறு வாட். ஆகவே "இருபது வாட் குதிக்கிறது" என்று மட்டும் சொன்னால் எதுவும் புரியாது. எத்தனை வாட்டில் இருபது என்பதுதான் கேள்வி. 480 வாட்டில் இருபது என்றால் நாலு சதவீதம். உங்கள் பையன் 200 வாட்டில் நிதானமாக ஓட்டும்போது இருபது குதித்தால் பத்து சதவீதம். அது அதிகம். நன்றாகப் பழகியவர்கள் நிதான ஓட்டத்தில் 500 மீட்டர் நேரத்தை ஒரு விநாடி மேலே, ஒரு விநாடி கீழே என்ற வரம்புக்குள் வைத்திருப்பார்கள். 200 வாட் ஓட்டத்தில் அது ஐந்து வாட் இப்படி, ஐந்து வாட் அப்படி. பையன்களுக்கு அந்த அளவையே இலக்காக வையுங்கள்.

இந்த நிலைத்தன்மை வெறும் அழகுக்கான விஷயம் இல்லை. ஸ்மித், ஸ்பிங்க்ஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1995ல் புதியவர்கள், நல்லவர்கள், உச்சநிலை வீரர்கள் என்று மூன்று கூட்டத்தையும் ரோயிங் மெஷினில் வைத்து அளந்தார்கள். உடல் எடைக்கு எத்தனை வாட் என்பதோடு, ஸ்ட்ரோக்குக்கு ஸ்ட்ரோக் எவ்வளவு ஒத்துப்போகிறது, இழுப்பு எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது என்பதும் இந்த மூன்று கூட்டத்தையும் பிரித்துக் காட்டியது.

நம்ம ஊரில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு" என்று வேலூரைப் பற்றிச் சொல்வது உங்களுக்கே தெரியும். கோயிலுக்கு 1981ல் சாமி திரும்பி வந்துவிட்டது. பாலாற்றில் தண்ணீர் 2021 நவம்பர் வெள்ளம் மாதிரி எப்போதாவதுதான் கரை தொட்டு ஓடுகிறது. படகில் ஒருவன் ஸ்ட்ரோக்குக்கு ஸ்ட்ரோக் மாற்றி இழுத்தால் படகே திமிறி அவனுக்குச் சொல்லிவிடும். மெஷின் ஆணி அடித்தமாதிரி தரையில் நிற்கும், எதையும் சொல்லாது. தண்ணீரைத் தொடாமல் மெஷினிலேயே வளர்கிற பையனுக்கு அந்தத் தப்பை எண்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்று. 2014லும் 2018லும் காமன்வெல்த் போட்டியில் எடை தூக்கித் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் இது. இங்கே ரோயிங் மெஷினில் உட்காரும் பையன்களில் பலர் எடை தூக்கிப் பழகியவர்களாக இருப்பார்கள். கால் பலம் அருமையாக இருக்கும். ஆனால் உடம்பு கற்றுக்கொண்டது ஒரே ஒரு தூக்கலுக்கு எல்லாவற்றையும் கொட்டுவது. ஏழு நிமிஷத்தில் நிமிஷத்துக்கு 32 வீதம் ஓட்டினால் 224 ஸ்ட்ரோக். அதில் எந்த ஒன்றும் தனியாக முக்கியமில்லை. ஒரு ஸ்ட்ரோக்கில் வெடித்து அடுத்ததில் மூச்சு வாங்கும் பழக்கம் இவர்களிடம்தான் அதிகம். எடை தூக்குவதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். "முக்கால் பலத்தில், ஆனால் இருநூறு தடவை" என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்போது ஸ்ட்ரோக்கைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். வாட் என்பது ஒரு ஸ்ட்ரோக்கில் செய்த வேலையை ஸ்ட்ரோக் வேகத்தால் பெருக்கியது. 300 வாட், நிமிஷத்துக்கு 30 ஸ்ட்ரோக் என்றால் இரண்டு விநாடிக்கு ஒரு ஸ்ட்ரோக். ஒவ்வொன்றிலும் 600 ஜூல். 200 வாட், நிமிஷத்துக்கு 20 என்றாலும் அதே 600 ஜூல்தான். ஆக வாட் குதித்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது: வேகம் மாறுகிறது, அல்லது ஒரு ஸ்ட்ரோக்கின் வேலை மாறுகிறது. வேலை அப்படியே இருக்க வேகம் மட்டும் 30லிருந்து 31க்குப் போனால் பத்து வாட் ஏறும். அதை மானிட்டரில் உடனே கண்டுபிடித்துவிடலாம். வேகம் 30லேயே நிற்க, வாட் மட்டும் ஆடினால் வேலை மாறுகிறது.

வேலை என்பது விசையை நீளத்தால் பெருக்கியது. ஹேண்டில் 1.4 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால் 600 ஜூலுக்குச் சராசரி விசை 430 நியூட்டன் அளவு. பையன் கேட்சில், அதாவது இழுக்கத் தொடங்கும் முன்கோடியில், ஐந்து சென்டிமீட்டர் குறைவாக முன்னால் வந்தான், மற்றபடி அதே பலத்தில் இழுத்தான் என்றால் 21 ஜூல் போய்விடும். நிமிஷத்துக்கு 30 ஸ்ட்ரோக்கில் அது பதினோரு வாட் இழப்பு. அடுத்த ஸ்ட்ரோக்கில் எண் குறைந்ததைப் பார்த்து அவன் முன்னால் எட்டிப் பாய்ந்து ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாகப் போனால் பதினோரு வாட் கூடும். நீங்கள் பார்க்கிற இருபது வாட் ஆட்டம் இங்கேயே வந்துவிட்டது. மெஷினும் சரியாக இருக்கிறது, பையனுக்குப் பலமும் இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பையன் நல்ல கேட்ச் நிலையில், கணுக்காலுக்கு மேல் காலெலும்பு செங்குத்தாக இருக்கும்படி உட்காரட்டும். சீட்டின் முன் விளிம்பு எங்கே வருகிறதோ, அதற்கு நேராகச் சீட் ஓடும் தண்டவாளத்தின் பக்கவாட்டில் எலெக்ட்ரீஷியன் ஒட்டும் கறுப்பு டேப்பை ஒரு துண்டு ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் உருளையில் மாட்டும். செல்போனைத் தரையில் பக்கவாட்டாக நிறுத்தி இரண்டு நிமிஷம் வீடியோ எடுங்கள். சீட் ஒரு தடவை டேப்பைத் தாண்டும், ஒரு தடவை முன்னமே நின்றுவிடும். பையனிடம் காட்டினால் நீங்கள் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

ஏன் அப்படி நிற்கிறது என்றால், ரெக்கவரியில், அதாவது இழுத்து முடித்துத் திரும்ப முன்னால் வருவதில், அவசரம். இழுத்து முடித்ததும் கை முன்னால், உடம்பு முன்னால், அப்புறம் முட்டி என்ற வரிசை குலைந்து, முட்டி முதலில் மடங்கிவிடுகிறது. ஹேண்டில் முட்டிக்கு மேலே வளைந்து போகிறது, சங்கிலி மேலும் கீழும் ஆடுகிறது, சீட் வேகமாக வந்து கேட்சில் மோதுகிறது. அந்த வேகத்தில் எங்கே நிற்கும் என்பது பையன் கையில் இல்லை. இழுப்புக்கு ஒரு பங்கு நேரம், திரும்ப வர இரண்டு பங்கு என்று நிமிஷத்துக்கு 18 ஸ்ட்ரோக்கில் பத்துப் பத்து நிமிஷமாக ஓட்ட வையுங்கள். சங்கிலி ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். வேகத்தைக் கூட்டுவதெல்லாம் அதற்கப்புறம்தான். கால் பட்டையையும் கவனியுங்கள். பட்டை விரல்களின் அடிமூட்டுக்கு மேல் வர வேண்டும். எத்தனையாவது துளையில் மாட்டினான் என்பதை ஒவ்வொருவன் பெயருக்கும் எதிரே எழுதிவைக்க வேண்டும். பாதத்தின் உயரம் மாறினால் கேட்சில் மடங்கும் அளவும் மாறும், நீளமும் மாறும். வியர்வையில் கைப்பிடி வழுக்கினால் பையன் ஃபினிஷை, அதாவது இழுப்பின் கடைசிப் பகுதியை, முன்னாலேயே விட்டுவிடுவான். துண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எண்ணாக அளக்க வேண்டும் என்றால், போனில் எர்க்டேட்டா செயலியை மானிட்டரோடு இணைத்து ஓட்டுங்கள். பிறகு கான்செப்ட்2வின் இணைய லாக்புக்கிலிருந்து ஸ்ட்ரோக் வாரியான கோப்பை இறக்கி எக்செலில் திறக்கலாம். முதல் ஐந்து ஸ்ட்ரோக்கையும் கடைசி ஸ்பிரின்டையும் வெட்டிவிடுங்கள். இங்கே எல்லோரும் செய்கிற தப்பு, திட்டவிலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) மட்டும் எடுத்து முடிவு கட்டுவது. எடுத்துக்காட்டுக்கு இரண்டு பையன்களின் பத்து ஸ்ட்ரோக்கைப் பாருங்கள். முதல் பையன்: 212, 188, 209, 191, 205, 187, 211, 193, 208, 196. இரண்டாவது பையன்: 209, 207, 205, 203, 201, 199, 197, 195, 193, 191. இரண்டு பேருக்கும் சராசரி சரியாக 200. திட்டவிலக்கம் ஒருவனுக்குப் பத்து, இன்னொருவனுக்கு ஆறு. ஏதோ கொஞ்சம் வித்தியாசம் என்றுதான் தோன்றும். ஆனால் முதல் பையன் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் தடுமாறுகிறான். இரண்டாவது பையன் தடுமாறவே இல்லை, சீராகத் தளர்ந்துகொண்டே வருகிறான்.

இதைப் பிரிக்க, ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலிருந்தும் அதற்கு முந்தைய ஸ்ட்ரோக்கைக் கழியுங்கள். அந்த வித்தியாசங்களை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.414ஆல் வகுங்கள். முதல் பையனுக்கு 13 வாட் வரும், அதாவது ஆறரை சதவீதம். இரண்டாவது பையனுக்கு 1.4 வாட், ஒரு சதவீதம்கூட இல்லை. முதல் பையனுக்கு மருந்து மேலே சொன்ன டேப்பும் ரெக்கவரியும். இரண்டாவது பையனிடம் ஸ்ட்ரோக்கைத் திருத்தப் போனால் இருப்பதையும் கெடுத்துவிடுவோம். அவன் தொடங்கிய வேகம் அதிகம், அல்லது தாக்குப்பிடிக்கும் திறன் இன்னும் வர வேண்டும்.

மெஷின் பக்கம் வருவோம். காற்றைக் கூட்டிக் குறைக்கும் லிவர் 5ல் இருக்கிறதா 7ல் இருக்கிறதா என்பது முக்கியமில்லை. டிராக் ஃபேக்டர்தான் பேசும், அதாவது ஃப்ளைவீல் என்கிற விசிறிச் சக்கரத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்ற எண். பி.எம்.5 மானிட்டரில் மோர் ஆப்ஷன்ஸுக்குள் டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர் இருக்கும். அதைத் திறந்து பத்து ஸ்ட்ரோக் இழுத்தால் எண் நிலைக்கும். பொதுவாக 100லிருந்து 140க்குள் ஓட்டுகிறார்கள். உங்கள் பையன்களுக்கு 120, 125 போதும். காற்றின் அடர்த்தி மாறினால் அதே லிவரில் இந்த எண் மாறிவிடும். மார்கழி விடியலில் 20 டிகிரியில் 125 காட்டிய மெஷின், அக்னி நட்சத்திர மத்தியானம் 40 டிகிரியில் 117ஐ ஒட்டிக் காட்டும். ஏலகிரிக்குக் கொண்டுபோனால், ஆயிரத்து நூறு மீட்டர் உயரத்தில், மலைக் குளிரையும் கணக்கில் சேர்த்தால்கூட எட்டு சதவீதம் அளவுக்குக் குறையும். ஒவ்வொரு ரெக்கவரியிலும் ஃப்ளைவீல் எப்படி வேகம் குறைகிறது என்பதை மானிட்டர் அளந்து கணக்கைச் சரிசெய்துகொள்வதால் வாட் பொய்யாகாது. ஆனால் பையனுக்கு இழுப்பின் பாரம் மாறிவிடும், காலை நீட்டும் வேகமும் மாறும். அதனால் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னால் லிவரை நகர்த்தி அதே டிராக் ஃபேக்டருக்குக் கொண்டுவர வேண்டும். ஃப்ளைவீல் கூண்டின் துளைகளில் தூசி அடைத்தாலும் எண் இறங்கும்.

வாட்டை உண்மையிலேயே தின்றுவிடக்கூடியது காய்ந்த சங்கிலிதான். ஃப்ளைவீலுக்குப் போய்ச் சேர்ந்ததைத்தான் மானிட்டர் எண்ணும், உராய்வில் போனதை எண்ணாது. ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை, ஒரு டீஸ்பூன் மினரல் ஆயிலைக் காகிதத்தில் ஊற்றிச் சங்கிலி நெடுகத் தடவித் துடைத்துவிடுங்கள். தண்டவாளத்தைத் தினமும் துடைக்க வேண்டும். இரண்டு மெஷின் இருந்தால் பெயின்டில் 1, 2 என்று எழுதி, ஒரு பையன் எப்போதும் ஒரே மெஷினில் டெஸ்ட் கொடுக்கட்டும்.

படிப்படியாக ஏற்றும் டெஸ்ட்டில், அதாவது நாலு நிமிஷம் ஓட்டி ஒரு நிமிஷம் ஓய்வு என்று ஏழு படிகள் வைக்கும் முறையில், நிலைத்தன்மைதான் உயிர். 302 வாட் பையனுக்கு 140ல் தொடங்கி 165, 190, 215, 240, 265 என்று ஆறு படி ஏற்றி, ஏழாவது படியை முழு மூச்சாக விடலாம். இதில் கெடுவது இப்படி: 215 வாட் படியை 250ல் தொடங்கி, அரை நிமிஷம் கழித்துச் சராசரி அதிகம் என்று பார்த்து, 210க்கு இறங்கி, கடைசியில் சராசரியை 215க்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தாளில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் முதல் அரை நிமிஷத்தில் ஏறிய லாக்டேட்டும் (கடும் உழைப்பில் தசையிலிருந்து ரத்தத்தில் சேருவது) இதயத் துடிப்பும் அந்தப் படியின் முடிவுவரை ஒட்டிக்கொண்டு வரும். லாக்டேட் அளக்க எடுத்த ரத்தத்துளி 215 வாட்டின் கதையைச் சொல்லாது. சராசரி வாட்டை மறைத்துவிட்டு, அந்தந்த ஸ்ட்ரோக்கின் வாட் மட்டும் தெரியும் திரையை வையுங்கள். ஐந்தாவது ஸ்ட்ரோக்குக்குள் இலக்குக்கு மூன்று வாட் பக்கத்தில் வந்துவிடப் பழக்குங்கள்.

2000 மீட்டரில் "ஆரம்பத்தில் அடித்துவிடு" என்று சொல்லும் வழக்கம் படகிலிருந்து வந்தது. முன்னால் போனால் பின்னால் வருகிறவர்களைப் பார்த்தபடி ஓட்டலாம். மெஷினில் அந்த லாபம் இல்லை. 2005ல் கார்லண்ட் வெளியிட்ட ஆய்வில் உச்சநிலை வீரர்கள் தண்ணீரில் முதல் 500ஐத் தங்கள் சராசரி வேகத்தைவிட மூன்று சதவீதத்துக்கு மேல் கூட்டி ஓட்டியிருந்தார்கள். மெஷினில் ஒன்றரை சதவீதம் அளவுதான். மூன்றாவது 500தான் இரண்டிலும் மெதுவானது.

ஏற்ற இறக்கமாக ஓட்டினால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். முதல் 1000ஐ 1:40லும் அடுத்த 1000ஐ 1:50லும் ஓட்டினாலும் மொத்தம் 7:00தான். சீராக 1:45ல் ஓட்டியதைவிட ஃப்ளைவீலுக்குக் கொடுத்த சக்தி ஒரு சதவீதம்கூட அதிகம் இல்லை. நஷ்டம் உடம்பில்தான். 302 வாட்டுக்குத் தயாரான பையன் மூன்று நிமிஷத்துக்கு மேல் 350ல் நின்றால் தொடைத் தசை அமிலத்தில் ஊறிவிடும். இரண்டாவது பாதியில் 1:50கூட வராது. 7:00க்குப் போகிறவனுக்கு 1:44, 1:45.5, 1:45.5, 1:45 என்று பிரித்துக் கொடுங்கள். வாட்டில் 311, 298, 298, 302.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. ஏசி இல்லாத அறையில் மே மாத டெஸ்ட்டை விடியற்காலை ஐந்தரைக்கு வையுங்கள், மத்தியானம் வேண்டவே வேண்டாம். தோலுக்கு ரத்தம் போய்விடுவதால் அதே வாட்டுக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும், கடைசி 500ல் வாட் சரியும். மானிட்டர் பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் டெஸ்ட் நிற்காது. ஆனால் ஃபேன் நின்றுவிடும். ஃபேன் நடுவில் நின்றுபோன டெஸ்ட்டை நோட்டில் அப்படியே குறித்துவையுங்கள், மற்றதோடு ஒப்பிடாதீர்கள்.

இனி 6:58. நன்கு பயிற்சி பெற்ற எட்டுப் பேரை மூன்று நாள் இடைவெளியில் மூன்று தடவை 2000 மீட்டர் ஓட்டவைத்த ஆய்வு ஒன்று 1999ல் வந்தது. ஒரே ஆளுக்கு டெஸ்ட்டுக்கு டெஸ்ட் நேரத்தில் 0.6 சதவீதமும் வாட்டில் 2 சதவீதமும் மாறுபாடு இருந்தது. நன்கு பழகியவர்களுக்கே இந்த அளவு. 7:00ல் 0.6 சதவீதம் என்றால் இரண்டரை விநாடி. இரண்டு டெஸ்ட்டின் வித்தியாசத்தைப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் இந்த ஆட்டம் இருப்பதால் 1.414ஆல் பெருக்க வேண்டும்: மூன்றரை விநாடி. 6:58 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அவன் 302லிருந்து 307 வாட்டுக்குப் போயிருக்கலாம், நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருக்கவும் கூடும். 6:54 எடுத்தால் 316 வாட், நாலரை சதவீதம் கூடுதல். அதை முன்னேற்றம் என்று தைரியமாகச் சொல்லலாம். மெஷினுக்குப் புதிய பையனின் முதல் டெஸ்ட்டைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது மெஷினைப் பழகிக்கொள்வதற்கான ஓட்டம்.

சின்ன முன்னேற்றத்தையும் பிடிக்க வேண்டும் என்றால், ஒரு டெஸ்ட்டுக்குப் பதிலாக செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று என்று இரண்டு வைத்துச் சராசரி எடுங்கள். ஒரே மெஷின், ஒரே டிராக் ஃபேக்டர், ஒரே நேரம். முந்தின நாள் ஸ்குவாட் வேண்டாம். காபி குடிக்கிறவன் இரண்டு நாளும் குடிக்கட்டும், குடிக்காதவனுக்கு அன்றைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அறையின் வெப்பநிலை, டிராக் ஃபேக்டர், கால் துளை எண், ஓடுவதற்கு முன்னும் பின்னும் உடல் எடை, நாலு 500ன் வாட், இவற்றை ஒரே வரியில் எழுதிவாருங்கள். அடுத்த ஜோடி டெஸ்ட்டை ஆறு வாரம் கழித்து வைத்தால் போதும்.